இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மருந்தை எடுங்கள்

பரங்கிக் கொடியில் ஓர் இலை நிறம் மாறினால் போதும், வேப்பெண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடுகிறார்கள். சாம்பல் நோய்க்கும் வேப்பெண்ணெய், தேமலுக்கும் வேப்பெண்ணெய், உரம் போதாமல் வெளுத்த இலைக்கும் அதுவேதான். என்ன நோய் என்று கேட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பெரும்பாலானவற்றில் இலையின் மேல்பக்கம் மட்டும்தான் இருக்கும். அதை வைத்துச் சோசியம்தான் சொல்ல முடியும். மஞ்சள் பூசணி, அரசாணி என்று உங்கள் ஊரில் எப்படிச் சொன்னாலும் செடி ஒன்றுதான், பார்க்கும் முறையும் ஒன்றுதான்.

விடிந்ததும், பனி ஈரம் காய்வதற்குள் போய்ப் பாருங்கள். மத்தியான வெயிலில் பரங்கி இலை துவண்டு தொங்குவது அதன் வழக்கம், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். காலையிலும் நிமிரவில்லை என்றால் கோளாறு வேரிலோ தண்டிலோ இருக்கிறது, இலையைத் தடவிப் பயனில்லை. அடித்தண்டையொட்டிய முதல் சில இலைகள் மஞ்சளாகிக் காய்வதும் நோயல்ல, வயது. கிள்ளிப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

அடுத்து வெள்ளை. அதிகம் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பல பரங்கி ரகங்களின் இலையில், நரம்புகள் பிரியும் இடங்களில், வெள்ளிப்பூச்சுபோல் திட்டுத்திட்டாக இருக்கும். அது அந்த ரகத்தின் பிறவிக் கோலம். இளம் இலையிலேயே தெரியும், எல்லா இலையிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும், விரலால் தேய்த்தாலும் போகாது. சாம்பல் நோய் அப்படியல்ல. நிழலில் கிடக்கும் முதிர்ந்த இலையில் சின்னச் சின்ன வட்டங்களாக ஆரம்பித்து, மேல்பக்கம், அடிப்பக்கம், இலைக்காம்பு என்று பரவும். தேய்த்தால் வெள்ளைத் தூள் விரலில் ஒட்டும். மூன்றாவது ஒன்றும் உண்டு: நரம்புகள் முதலில் வெளுத்து, பிறகு இலை முழுவதும் வெள்ளியாக மாறுவது. திருப்பிப் பார்த்தால் வெள்ளை ஈக்கூட்டம் இருக்கும். ஈயை அடக்கினால் அடுத்து வரும் இலைகள் பச்சையாகவே வரும். வண்டு வரக்கூடாது என்று அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு, மறுவாரம் ‘இலையெல்லாம் வெள்ளையாக இருக்கிறதே’ என்று படம் அனுப்புகிறவர்களும் உண்டு. சாம்பல் தூவுகிறவர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையைவிடச் சிக்கல் மஞ்சள்தான். இங்கே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மஞ்சள் பழைய இலையிலா, கொழுந்திலா? திருப்பினால் அடியில் என்ன இருக்கிறது?

பழைய இலையில் ஆங்காங்கே மஞ்சள் புள்ளிகள், நரம்பு தடுத்து நிறுத்தியதுபோல் கோண வடிவம், சில நாளில் நடுவில் பழுப்பு. இப்படி இருந்தால் அடிச்சாம்பல் நோயைச் சந்தேகிக்கலாம். வெள்ளரியில் அந்தக் கோணம் கச்சிதமாகத் தெரியும். பரங்கியில் ஓரம் சற்று மங்கலாக இருப்பதால் பலர் தவறவிடுகிறார்கள். உறுதி செய்ய ஒரே வழி, புள்ளிக்கு நேர் கீழே அடிப்பக்கத்தைப் பார்ப்பது. ஈரம் இருக்கும் காலை நேரத்தில் அங்கே சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூசணம் தெரியும். வெயில் ஏறியபின் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. விடியற்காலையில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது வேகமாகப் பாயும், ஏனென்றால் இந்தக் கிருமிக்கு இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அது தேவையில்லை. மழை விட்டு, இரவுப் பனியும் பகல் வெயிலுமான மார்கழி, தை மாதங்கள் அதற்குத் தோது. பெயரில் இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருந்தாலும் வைத்தியம் வேறு.

பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி சீராக மஞ்சளாகவும் இருந்து, அடியில் பூசணமும் இல்லையென்றால் அது மக்னீசியக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கலந்து தெளித்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

கொழுந்து மஞ்சளானால் கவனம் தேவை. இலை வழுவழுப்பாக விரிந்து, நரம்பு மட்டும் பச்சையாக, சீராக வெளுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஆனால் மஞ்சளும் கரும்பச்சையும் ஒழுங்கின்றிக் கலந்து, கரும்பச்சைப் பகுதி கொப்புளமாக எழும்பி, இலை சுருண்டு சிறுத்து வந்தால் அது தேமல் நோய், வைரஸ். அதற்கு மருந்தே இல்லை. பஞ்சகவ்யா அடித்ததும் சரியானதாகச் சொல்வார்கள். சரியானது அநேகமாகச் சத்துக்குறைவாக இருந்திருக்கும்.

தேமல் என்று தெரிந்தால் கொடியைப் பிடுங்குங்கள். பூ விட்டிருக்கிறதே, பிஞ்சு வந்திருக்கிறதே என்று பார்க்காதீர்கள். காய் முற்றும் நிலையில் இருந்து, பக்கத்தில் வேறு கொடிவகை எதுவும் இல்லையென்றால் மட்டும் நான் விட்டுவைப்பேன். அந்தக் காயைச் சாப்பிடலாம், மனிதருக்கு ஒன்றும் செய்யாது; விதை மட்டும் எடுக்க வேண்டாம். பிடுங்குவதற்கும் முறை உண்டு. உச்சி வெயிலில் உலுக்கிப் பிடுங்கினால் வெள்ளை ஈ அத்தனையும் பக்கத்துப் பீர்க்கன் கொடிக்குக் குடிபெயரும். விடிகாலைக் குளிரில் அவை மந்தமாக இருக்கும்போது இலையெல்லாம் நனையத் தண்ணீர் தெளித்து, சாக்குப்பையால் மூடிப் பிடுங்குங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள்.

மிச்சமுள்ள செடிகளுக்கு மஞ்சள் ஒட்டும் பொறி மாட்டலாம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை இலையின் அடிப்பக்கத்தில் படும்படி சாயங்காலம் அடிக்கலாம். எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, பிறகுதான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கும், இலை கருகும். இது வெள்ளை ஈயைக் குறைக்கும். தேமலைப் பரப்பும் அசுவினிக்குச் சில வினாடி உறிஞ்சினாலே போதும் என்பதால், எந்த மருந்தும் அதை முந்த முடியாது.

சாம்பல் நோய்க்கு என் கட்சி பால். ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை. பாட்டி வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் சுக்கினியில் சோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பாலாக இருந்தால் நாற்றம் குறையும். வெயில் படும் நாளில், இலையின் இருபக்கமும் நனைய அடிக்க வேண்டும். பூவின்மேல் படவேண்டாம், காலையில்தான் தேனீ வரும். ஆனால் முதல் வட்டங்கள் தெரியும்போதே ஆரம்பித்தால்தான் பலன். பாதி இலை மாவு தூவியது போல ஆனபின் பால் வீண். அப்படிப்பட்ட இலைகளை வெட்டி எடுங்கள், ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடையில் கந்தகத் தூள் எடுத்துக் கொடுப்பார்கள். பூசணிக் குடும்பத்துக்குக் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஒத்துவராது, வெயில் நாளில் இலையைச் சுட்டுவிடும்.

அடிச்சாம்பலுக்குப் பால், மோர் எதையும் நம்பாதீர்கள். முதலில் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், வேரில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளை அகற்றி, கொடியைத் தரையிலிருந்து தூக்கிப் பந்தலில் விடுங்கள். மழைக்காலம் தொடங்கும்போதே லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சூடோமோனாஸ் தெளித்து வந்தால் ஓரளவு தாங்கும். அதையும் மீறிப் பரவினால் மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. அதை அடித்தால் கொழுந்து இலையையும் பூவையும் சமையலுக்குப் பறிக்கக்கூடாது. காய்க்கும் பொட்டலத்தில் போட்டுள்ள காத்திருப்பு நாள் கணக்கு உண்டு. எந்தக் கரைசலானாலும் முதலில் ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள்.

வெட்டிய இலை, பிடுங்கிய கொடி எதுவும் செடியடியில் கிடக்கவேண்டாம். வீட்டு உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள் அல்லது தள்ளிப் புதையுங்கள். வேலியில் தானாக ஏறிய கோவைக்கொடி இருந்தால் அதன் இலையையும் திருப்பிப் பாருங்கள். வருடம் முழுவதும் பச்சையாக இருப்பதால் ஈயும் தேமலும் அங்கே தங்கிக் காத்திருக்கும். அதில் தேமல் இருந்தால், அதை வெட்டிய பிறகே அடுத்த பட்டத்துக்குப் பரங்கி விதை ஊன்றுங்கள். ஊன்றும்போது இதே குழியில் வேண்டாம், வெள்ளரிக் குடும்பம் படாத வேறு இடம் பாருங்கள். குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி விடுங்கள்.