டிராக்டர் சுமையேற்றியில் ஹைட்ராலிக் குழாய் மாற்றும் முறை

வேளாண்மையில் இயந்திரங்களின் பங்கு பெருகப் பெருக, அவற்றைப் பேணும் திறனும் சிற்றூர்தோறும் பரவ வேண்டியது இன்றியமையாததாகிறது. பஞ்சாப், அரியானா போன்ற மாநிலங்களில் தொழு உரத்தையும் வைக்கோல் கட்டுகளையும் ஏற்றி இறக்க, டிராக்டரின் முன்புறம் பொருத்தப்படும் சுமையேற்றி பயன்படுகிறது. அதன் ரப்பர் குழாய் ஒன்று வெடித்தால் வேலை நின்றுவிடும். அவசரத்தில் தவறாகக் கையாண்டால் கையே பறிபோகக்கூடும்.

அழுத்தத்தின் ஆற்றல்

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தமுள்ள எண்ணெய், 6 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன் மீது ஏறத்தாழ 4,200 கிலோ விசையைச் செலுத்தும். இதைத் தாங்கவே குழாயின் உட்புற ரப்பருக்கும் வெளியுறைக்கும் இடையே எஃகுக் கம்பி வலை அமைக்கப்பட்டுள்ளது. உறையில் வெடிப்பு, புடைப்பு, கம்பி வெளியே தெரிதல், இணைப்பருகே கசிவு ஆகியவை குழாயை மாற்ற வேண்டியதற்கான அறிகுறிகளாம். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவது பயனற்றது, ஆபத்தானதும் கூட.

கழற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வாளியைத் தரையில் இறக்குக. இறங்காவிடில், தூக்கு கைகளுக்கு உறுதியான முட்டுக் கொடாமல் அடியில் செல்லலாகாது.
2. எஞ்சினை நிறுத்தியபின், இயக்கும் நெம்புகோலை எல்லாத் திசைகளிலும் பலமுறை அசைத்து, எஞ்சிய அழுத்தத்தை நீக்குக. எண்ணெய் ஆறட்டும்.
3. இணைப்புகளைத் துடைத்து, எக்குழாய் எங்குச் செல்கிறது என அடையாளமிடுக.
4. இரு ஸ்பானர்களைக் கொண்டு மெல்லத் தளர்த்துக. திறந்த வாய்களை உடனே மூடுக. சிறு தூசியும் வால்வைக் கெடுக்கும்.

புதிய குழாய்

உள்விட்டம், நீளம், இணைப்பின் மரை, தாங்கும் அழுத்தம் ஆகிய நான்கும் பழையதற்கு ஒத்திருத்தல் வேண்டும். நீரிறைக்கும் குழாய் இதற்கு உதவாது. பொருத்தும்போது குழாய் முறுக்கேறலாகாது. உறைமீது அச்சிட்ட கோடு நேராக ஓடினால் முறுக்கில்லை என அறியலாம். கூர்மையான வளைவையும் இரும்பு விளிம்பில் உராய்வதையும் தவிர்க்க வேண்டும். தூக்கு கைகள் முழுதும் உயர்ந்த நிலையிலும் குழாய் விறைத்து இழுபடலாகாது.

எண்ணெய் அளவைச் சரிபார்த்து, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, வாளியைச் சிலமுறை மெதுவாக உயர்த்தித் தாழ்த்தினால் காற்று வெளியேறும். பின்னர் மீண்டும் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும்.

கையால் தடவாதீர்

கசிவைத் தேட அட்டைத் துண்டையே பயன்படுத்துக. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினும், உடனே அறுவைச் சிகிச்சை செய்யப்படாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். வலியில்லை என்று காத்திராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

புத்னியில் 1955-லும் ஹிசாரில் 1963-லும் மைய அரசு நிறுவிய வேளாண் இயந்திரப் பயிற்சி நிலையங்கள் இத்தகைய பராமரிப்புத் திறனை வளர்க்கும் நோக்குடன் தோன்றியவையே. இயந்திரம் வாங்கும் உழவர், அதைப் பேணும் முறையையும் கற்றுக்கொண்டால்தான் முதலீடு முழுப்பயன் தரும்.