சரக்கறிவோம்: உப்பு நார்த்தங்காயும் உடலின் நீர்ச்சத்தும்

கோடை பிறந்தால் நம் மளிகைக் கடைகளில் உப்பு நார்த்தங்காய்க்குத் தனிக் கிராக்கி வந்துவிடும். பித்தம், குமட்டல், வெயில் மயக்கம் என்று எதைச் சொல்லியும் கேட்பார்கள். எடை போட்டுக் கொடுக்கும் நாம், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சரக்கின் தன்மை

நார்த்தங்காயைச் சுருளாகவோ நாலாகப் பிளந்தோ அறுத்து, உப்பை அடைத்து ஜாடியில் போட்டு, தினமும் குலுக்கி வைப்பார்கள். ஊறியபின் பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் அதே உப்புநீரில் போடுவார்கள். நீர் முழுவதும் காயில் ஏறியபின் நன்றாக உலர்த்தி எடுத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. நல்ல சரக்கு கறுத்து, உலர்ந்து, மேலே உப்புப் பூத்திருக்கும். ஈரம் கசிந்தால் பூசணம் பிடிக்கும். உப்பும் புளிப்பும் இரும்பை அரிக்கும். ஆகையால் தகர டின்னில் வைக்காமல் பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடியில் வைக்கவும்.

எதற்கு உதவும்?

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் வெளியேறுகிறது. மூட்டை தூக்கும் தொழிலாளி நீர்மோரோடு ஒரு துண்டைக் கடித்துக்கொண்டால் இழந்த உப்பில் ஒரு பங்கு திரும்பும். புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்து, தண்ணீரும் கஞ்சியும் உள்ளே இறங்க வழி செய்யும். பெரியவர்கள் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

எதற்கு உதவாது?

ஒரு தாய் கடைக்கு ஓடிவந்து, "குழந்தைக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு, நார்த்தங்காய் கொடுங்கண்ணே" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. சிறுகுடல் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது; அவற்றின் பின்னேதான் தண்ணீரும் போகிறது. நார்த்தங்காயில் உப்பு மிகுதி, சர்க்கரை சொற்பம். அளவு மீறிய உப்பு சிறு குழந்தைக்கு ஆபத்து.

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அதுவே இன்றைய ஓ.ஆர்.எஸ். இப்பொட்டலம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். அது கிடைக்கும் வரை, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு கூடவே கூடாது. ஒரு நாளுக்கு மேல் அந்த நீரை வைக்கவும் கூடாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், குழந்தை துவண்டால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நார்த்தங்காய் ஆகாது என்றும் சொல்லி வையுங்கள்.

வணிகர் கவனத்திற்கு

1. "வயிற்றுப்போக்கைக் குணமாக்கும்" என்று நார்த்தங்காய்ப் பாக்கெட்டில் அச்சிடாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

2. பழச்சாறு, குளிர்பானங்களின் பெயரில் எந்த ஒட்டுச் சேர்த்தும் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல் வரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சர்க்கரை மிகுந்த அப்பானங்கள் வயிற்றுப்போக்கை அதிகமாக்கக்கூடும். ஓ.ஆர்.எஸ். கேட்டு வருபவர்களுக்கு அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

3. சில்லறையாக வாங்கும் நார்த்தங்காய்க்கும் பில் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளரின் உரிம எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நார்த்தங்காய் நல்ல சரக்கு. தயிர்சாதத்துக்குத் துணையாக அதைத் தாராளமாக விற்போம். மருந்து வேண்டி வருபவருக்கு மட்டும் சரியான வழியைச் சொல்லி அனுப்புவோம். அன்று ஐந்து ரூபாய் வியாபாரம் குறைந்தாலும், அந்தக் குடும்பம் நம் கடையை மறக்காது.