விளக்கு எரிகிறது, கணினிக்குத் தெரியவில்லையே!

திட்டப்பணியை நாளை ஒப்படைக்க வேண்டும். மைக்ரோபிட் பலகையைக் கணினியில் செருகுகிறீர்கள். பலகையின் பின்புறம் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் கணினித் திரையில் எதுவும் தோன்றவில்லை. கழற்றிச் செருகுகிறீர்கள். கணினியை அணைத்து மீண்டும் இயக்குகிறீர்கள். பலனில்லை. “பலகை கெட்டுவிட்டது” என்று முடிவுகட்டி அதை ஒதுக்கி வைக்கத் தோன்றும்.

அவசரப்படாதீர்கள். காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. அதுபோலவே, “கணினி கண்டுகொள்ளவில்லை” என்பதும் ஓர் அறிகுறிதான். பலகைக்கும் கணினிக்கும் இடையே பல கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி இருக்கிறது. அதில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே கண்டுபிடிக்கலாம். எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

பலகைக்குள் ஒரு தூதர்

மைக்ரோபிட் பலகை 2016ல் பிரிட்டிஷ் மாணவர்களுக்காக அறிமுகமானது. சிங்கப்பூரில் 2017ல் தொடங்கிய ‘டிஜிட்டல் மேக்கர்’ திட்டத்தின் வழி நம் பள்ளிகளுக்கும் வந்தது. அதைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சில்லுகள் தெரியும்.

அவற்றுள் ஒன்று முதன்மைச் சில்லு. நீங்கள் எழுதும் நிரலை இயக்குவது அதுதான். ஆனால் அது கணினியுடன் நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு தூதர் இருக்கிறார்: இடைமுகச் சில்லு. அது கணினியுடன் யுஎஸ்பி முறையில் பேசும். மறுபக்கம் முதன்மைச் சில்லுடன் ‘எஸ்டபிள்யூடி’ எனும் முறையில் இரண்டே கம்பிகள் வழியாகப் பேசும். ஒரு கம்பி கடிகாரத் துடிப்புக்கு, மற்றொன்று தரவுக்கு.

இந்தத் தூதர் நிரலைச் சில்லின் நினைவகத்தில் எழுதும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பாதியில் நிறுத்தி, அந்தக் கணத்தில் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று படித்தும் சொல்லும். நிரலில் உள்ள பிழையைத் தேட இதைவிட நல்ல துணை இல்லை. இப்படிப்பட்ட கருவியைப் பொறியாளர்கள் ‘டீபக் புரோப்’ என்பார்கள். இக்கட்டுரையில் ‘ஆய்வுக்கருவி’ என்று அழைப்போம்.

மைக்ரோபிட்டில் ஆய்வுக்கருவி பலகையிலேயே அமைந்துள்ளது. நியூக்ளியோ பலகைகளில் ‘எஸ்டி-லிங்க்’ என்ற பெயரில் அது இருக்கும். ராஸ்பெரி பை பீக்கோவுக்கு அது தனியாக வாங்கும் சிறு பெட்டி. உருவம் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

ஆகவே, சங்கிலியில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. ஒன்று, கணினிக்கும் ஆய்வுக்கருவிக்கும் இடையே. மற்றொன்று, ஆய்வுக்கருவிக்கும் முதன்மைச் சில்லுக்கும் இடையே. குறை தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: யார் யாரைக் காணவில்லை?

கணினி எப்படிக் காண்கிறது?

மைக்ரோபிட்டை இணைக்கும் யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு: 5 வோல்ட், தரை. மற்ற இரண்டும் தரவுக்கு: டி பிளஸ், டி மைனஸ்.

கணினியின் பக்கத்தில், தரவுக் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 15 கிலோஓம் மின்தடை வழியாகத் தரையுடன் இணைந்திருக்கும். எதுவும் செருகப்படாதபோது இரண்டு கம்பிகளிலும் மின்னழுத்தம் ஏறக்குறைய சுழியம். மைக்ரோபிட்டைச் செருகியதும், அதன் இடைமுகச் சில்லு டி பிளஸ் கம்பியை 1.5 கிலோஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுடன் இணைக்கிறது.

இயற்பியல் பாடத்தில் படித்த மின்னழுத்தப் பகிர்வு இங்கே உதவும். மொத்த மின்தடை 15 + 1.5 = 16.5 கிலோஓம். எனவே, டி பிளஸ் கம்பியின் மின்னழுத்தம் 3.3 × 15 ÷ 16.5 = 3.0 வோல்ட். சுழியத்திலிருந்து 3 வோல்ட்டுக்கு ஏறும் இந்த மாற்றம்தான் கணினியின் கதவைத் தட்டும் ஓசை.

கதவு தட்டப்பட்டதும் உரையாடல் தொடங்குகிறது. “நீ யார்?” என்று கணினி கேட்கும். கருவி 18 பைட் நீளமுள்ள ஓர் அறிமுகக் குறிப்பை அனுப்பும். அதில் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும். கணினி 1 முதல் 127 வரையிலான ஒரு முகவரியையும் அதற்கு ஒதுக்கும். இறுதியாக, அந்த எண்களுக்கும் கருவியின் வகைக்கும் பொருத்தமான இயக்கி மென்பொருளைத் தேடி இணைக்கும். இவை எல்லாம் முடிந்த பிறகே ‘மைக்ரோபிட்’ என்ற பெயரில் ஒரு சேமிப்பகம் திரையில் தோன்றும்.

அந்தச் சிவப்பு விளக்குக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. மின்சாரக் கம்பிகள் இரண்டும் சரியாக இருந்தால் போதும், அது எரியும். ஏற்கெனவே ஏற்றிய பழைய நிரலும் ஓடும். விளக்கு சொல்வது “மின்சாரம் வருகிறது” என்பதை மட்டுமே. “பேச்சு நடக்கிறது” என்று அது சொல்லவில்லை.

முழு மௌனமா, அரைகுறைப் பேச்சா?

விண்டோஸ் கணினியில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பலகையைச் செருகுங்கள். மேக் கணினியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியில் யுஎஸ்பி பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் ஏற்படும் மாற்றத்தைக் கவனியுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

முதலாவது, எந்த மாற்றமும் இல்லை. கதவு தட்டப்படவே இல்லை என்று பொருள். இயக்கி மென்பொருளை மீண்டும் நிறுவி நேரத்தை வீணாக்காதீர்கள். பேச்சே தொடங்காதபோது இயக்கிக்கு வேலை இல்லை. கேபிள், செருகுவாய், பலகையின் இணைப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள்.

இரண்டாவது, ‘அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்’, அதாவது அடையாளம் தெரியாத கருவி என்று வருகிறது. இது நம்பிக்கை தரும் செய்தி. கதவு தட்டப்பட்டது, ஆனால் “நீ யார்?” என்ற கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. தரவுக் கம்பி ஒன்றில் தொடர்பு மோசமாக இருக்கலாம். இடையில் உள்ள யுஎஸ்பி ஹப் குழப்பலாம். இடைமுகச் சில்லின் உள்மென்பொருள் பழுதாகியிருக்கலாம்.

மூன்றாவது, கருவி பட்டியலில் சரியாகவே தெரிகிறது; ஆனால் சேமிப்பகம் தோன்றவில்லை அல்லது நிரலெழுதும் தளம் அதனுடன் இணைய மறுக்கிறது. அப்படியானால் கேபிளும் பலகையின் யுஎஸ்பி பகுதியும் நன்றாக உள்ளன. குறை கணினியின் அமைப்பிலோ உலாவியிலோ இருக்கும்.

வரிசையாகச் சோதிப்போம்

செலவும் ஆபத்தும் இல்லாத சோதனையை முதலில் செய்யுங்கள்.

1. கேபிளை மாற்றுங்கள். கையடக்க மின்விசிறி, மின்னேற்றும் பவர்பேங்க் போன்றவற்றுடன் வரும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. உங்கள் கேபிளில் அவை உள்ளனவா என்று அறிய எளிய வழி உண்டு. அதே கேபிளால் ஒரு கேமராவையோ பழைய கைப்பேசியையோ கணினியுடன் இணையுங்கள். படங்களைக் கணினியில் பார்க்க முடிந்தால் தரவுக் கம்பிகள் சரி. கைப்பேசி மின்னேறுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

2. ஹப் இருந்தால் அகற்றிவிட்டுக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். பிறகு வேறொரு செருகுவாயில் முயலுங்கள்.

3. அதே கேபிளுடன் பலகையை இன்னொரு கணினியில் செருகுங்கள். அங்கே வேலை செய்தால், பலகையும் கேபிளும் ஒரே நொடியில் சந்தேகத்திலிருந்து விடுபடுகின்றன. பள்ளிக் கணினிகளில் வெளிச் சேமிப்பகங்களைத் தடுத்து வைத்திருப்பதும் உண்டு. அப்படியானால் ஆசிரியரிடம் கேளுங்கள்.

4. சேமிப்பகத்தின் பெயரைப் படியுங்கள். ‘மைக்ரோபிட்’ என்பதற்குப் பதிலாக ‘மெயின்டனன்ஸ்’ என்று இருந்தால், பலகை பராமரிப்பு நிலையில் உள்ளது. பின்புறமுள்ள ரீசெட் பொத்தானை அழுத்தியபடி செருகினால் இப்படி ஆகும். கழற்றி, பொத்தானைத் தொடாமல் மீண்டும் செருகுங்கள்.

5. சேமிப்பகம் தெரிகிறது, ஆனால் நிரலெழுதும் தளத்திலிருந்து நேரடியாக இணைக்க முடியவில்லையா? அந்த வசதி குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளில் இயங்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் இயங்காது. இன்னொரு தாவல் அதே பலகையைப் பிடித்து வைத்திருந்தாலும் இணைப்பு கிடைக்காது. மற்றத் தாவல்களை மூடிவிட்டு முயலுங்கள்.

6. இவை எல்லாம் முடிந்த பிறகே உள்மென்பொருளைப் புதுப்பிப்பது பற்றி யோசியுங்கள். பலகையின் பின்புறம் அச்சிட்டுள்ள பதிப்பு எண்ணைப் பார்த்து, அந்தப் பதிப்புக்குரிய கோப்பை மைக்ரோபிட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே பெறுங்கள். ஆசிரியர் அருகில் இருக்கும்போது செய்வது நல்லது.

இரண்டாம் இடைவெளி

கணினி ஆய்வுக்கருவியைக் கண்டுவிட்டது. ஆனால் நிரல் ஏறவில்லை. இப்போது குறை மறுபக்கத்தில் இருக்கலாம்.

மைக்ரோபிட்டில் கோப்பை நகலெடுத்தபின் ‘ஃபெயில்’ என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு தோன்றினால் அதைக் கட்டாயம் திறந்து படியுங்கள். நீங்கள் கொடுத்த கோப்பு தவறானதா, முதன்மைச் சில்லு பதில் சொல்லவில்லையா என்பதற்கு அதில் குறிப்பு இருக்கும். அந்தக் கோப்பை எழுதியதே ஆய்வுக்கருவிதான். ஆகவே, ஆய்வுக்கருவி உயிருடன் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

பீக்கோ போன்ற பலகைக்குத் தனி ஆய்வுக்கருவியை இணைப்பவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். பலகைக்குத் தனியாக மின்சாரம் வருகிறதா? ராஸ்பெரி பையின் ஆய்வுக்கருவி பீக்கோவுக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. அதற்கு இன்னொரு யுஎஸ்பி கேபிள் வேண்டும். தரைக் கம்பி இணைந்துள்ளதா? இரு பக்கத்துக்கும் பொதுவான தரை இல்லாவிட்டால் எது 3.3 வோல்ட், எது சுழியம் என்று ஒன்றுக்கொன்று புரியாது. கடிகாரக் கம்பியும் தரவுக் கம்பியும் இடம் மாறியுள்ளனவா? இவை மூன்றும் சரியாக இருந்தும் பேச்சு தடுமாறினால், மென்பொருளில் எஸ்டபிள்யூடி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். நீளமான, தளர்வான கம்பிகள் மெதுவான பேச்சைத் தாங்கும். வேகமான பேச்சைத் தாங்காது.

குறை தேடுவோரின் மூன்று விதிகள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், கணினி, உலாவி மூன்றையும் சேர்த்து மாற்றினால் கருவி வேலை செய்யக்கூடும். ஆனால் குறை எதில் இருந்தது என்று தெரியாது. பழுதான கேபிள் மீண்டும் பெட்டிக்குள் போய், அடுத்த வாரம் இன்னொருவரைத் தவிக்கவிடும்.

சங்கிலியைப் பாதியாகப் பிரிக்கும் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். 32 காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் 31 முறை வரை முயல வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பாதியை நீக்கும் கேள்வி கேட்டால் ஐந்தே கேள்விகளில் முடிந்துவிடும்: 32, 16, 8, 4, 2, 1.

என்ன மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். ‘எதுவும் நடக்கவில்லை’ என்பதும் ஒரு முடிவுதான்.

இந்த மூன்றும் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பின்பற்றும் விதிகளே. ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைப்பதை அங்கே ‘நியாயமான சோதனை’ என்கிறோம்.

முயன்று பாருங்கள்

அ. விளக்கு எரிகிறது. பழைய நிரல் ஓடுகிறது. டிவைஸ் மேனேஜரில் எந்த மாற்றமும் இல்லை. முதலில் எதைச் சோதிப்பீர்கள்?

ஆ. ‘அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்’ என்று வருகிறது. டி பிளஸ் கம்பி முற்றிலும் அறுந்திருக்க முடியுமா?

இ. சேமிப்பகம் தோன்றுகிறது. நிரலை நகலெடுத்ததும் ‘ஃபெயில்’ கோப்பு வருகிறது. கேபிளை மாற்றுவது முதல் வேலையா?

விடைகள்: அ. தரவுக் கம்பிகள் உள்ள வேறொரு கேபிளைச் செருகிப் பார்க்க வேண்டும். ஆ. முடியாது, அது அறுந்திருந்தால் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கு ஏறியிருக்காது, கணினி எதையும் உணர்ந்திருக்காது. இ. இல்லை, சேமிப்பகம் தோன்றியதே கேபிள் வழிப் பேச்சு நடந்ததற்குச் சான்று. முதலில் அந்தக் கோப்பைத் திறந்து படியுங்கள்.

உங்கள் பள்ளிக் கணினி மன்றத்தின் அலமாரியில் ‘பழுது’ என்று எழுதி ஒதுக்கிய பலகைகள் இருக்கின்றனவா? ஆசிரியரிடம் அனுமதி பெற்று, தரவுக் கம்பியுள்ள ஒரு நல்ல கேபிளுடன் அவற்றை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.