பேச்சுத்தமிழில் கருத்தாடல் குறிப்பான்கள்: பணியும் எழுத்தாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

அன்றாடப் பேச்சில் பயிலும் ‘வந்து’, ‘சரி’, ‘அப்புறம்’, ‘இல்ல’, ‘பாருங்க’ முதலிய சொற்கள் பொருளற்றவையாகக் கருதப்பட்டு, கள ஆய்வு ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும்போது நீக்கப்படுவதுண்டு. இவை செய்திக்கு அல்லாமல் உரையாடலுக்குப் பணியாற்றுவன என்பதையும், இவற்றை நீக்குவது தகவலாளியின் கூற்றையே மாற்றிவிடக்கூடும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கருத்தாடல் குறிப்பான், இடைச்சொல், அசைநிலை, பேச்சுத்தமிழ், எழுத்தாக்கம்

முன்னுரை

பேச்சின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைத்தும் எல்லைப்படுத்தியும் நிற்கும் சொற்களை மொழியியலார் கருத்தாடல் குறிப்பான்கள் என்பர். டெபோரா ஷிஃப்ரின் 1987இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலப் பேச்சில் பயிலும் 11 குறிப்பான்களை விரிவாக ஆராய்ந்தார். தமிழில் இத்தகைய சொற்களை ஆராய்வதற்கு இலக்கண மரபிலேயே ஓர் அடித்தளம் உண்டு. இக்கட்டுரையில் வரும் பேச்சுவழக்கு எடுத்துக்காட்டுகள் விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்டவை.

இலக்கண மரபில் அசைநிலை

தொல்காப்பிய இடையியல் இடைச்சொற்களை ஏழு வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று அசைநிலை. தனக்கெனப் பொருளின்றிச் சொற்களோடு சார்த்திச் சொல்லப்படுவது என்ற அளவில் இது பெரும்பாலும் விளக்கப்படுகிறது. ஆயினும் ‘ஆக’, ‘ஆகல்’, ‘என்பது’ என்னும் மூன்றும் இரட்டித்து வரும் அசைநிலைகளாக அங்கே கூறப்படுவது கருதத்தக்கது. ஒருவர் ஒன்றைக் கூற, கேட்டவர் ‘ஆக ஆக’ என்பார் என்றும், உடன்பாடின்மையும் விருப்பமின்மையும் அதற்குரிய சூழல்கள் என்றும் சேனாவரையர் விளக்குகிறார். பொருள் இல்லை எனப்பட்ட சொல்லுக்குச் சூழலும் கேட்போரின் மனநிலையும் கூறப்பட்டுள்ளன. எனவே, அசைநிலை என்பது அகராதிப் பொருள் இன்மையைக் குறிக்குமேயன்றிப் பணி இன்மையைக் குறிக்காது எனக் கொள்ள இடமுண்டு.

இன்றைய பேச்சில் ‘சரி’ என ஒருமுறை கூறுவது ஏற்பு. ‘சரி சரி’ என விரைந்து இரட்டிப்பது, பல இடங்களில், ‘போதும், நிறுத்துக’ என்னும் குறிப்பைத் தரும். சொல் மாறினும் இரட்டித்தலின் பணி ஒத்திருக்கிறது.

பொருள் தேய்தலும் பணி ஏற்றலும்

“என்னால வந்து நாளைக்கு வர முடியாதுங்க” என்னும் தொடரில் ‘வந்து’ வினையெச்சமாயின் தொடர் முரண்படும். முரண்பாடு தோன்றாமைக்குக் காரணம், அது வருதல் தொழிலை இழந்து, கேட்போர் விரும்பாத செய்தி ஒன்றைத் தாழ்த்திக் கூறும் பணியை ஏற்றிருப்பதே.

“இல்ல, நீங்க சொல்றது சரிதான், ஆனா செலவை யார் பாக்கறது?” என்பதில் ‘இல்ல’ எதையும் மறுக்கவில்லை. அடுத்து வருவது உடன்பாடாகவே இருக்கிறது. பேசும் முறையைத் தம்பால் பெற்று, மாற்றுக் கருத்துக்கு இடம் செய்துகொள்வதே அதன் பணி.

“அப்புறம், ஊர்ல மழையெல்லாம் எப்படி?” என்பதில் ‘அப்புறம்’ நிகழ்ச்சிகளின் கால வரிசையைச் சுட்டாது, உரையாடலின் வரிசையைச் சுட்டுகிறது. ஒரு பொருள் முடிந்தது, மற்றொன்று தொடங்கலாம் என்பது அதன் குறிப்பு.

இச்சொற்கள் வரும் இடமெல்லாம் குறிப்பான்கள் ஆகா. “அவர் வந்து போனார்” என்பதில் ‘வந்து’ வினையெச்சமே. சொல்லை நீக்கினால் தொடர் தரும் செய்தி மாறாது, பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலான நிலை மட்டும் மாறுமாயின், அது குறிப்பான் எனக் கொள்ளலாம்.

உறவும் வட்டாரமும்

தமிழ்க் குறிப்பான்கள் உறவையும் ஏற்று நிற்கின்றன. ‘பாரு’, ‘பாருங்க’ என்றும், ‘சரிங்க’, ‘சரிப்பா’, ‘சரிம்மா’, ‘சரிடா’ என்றும் வரும் வடிவங்கள் தரும் செய்தி ஒன்றே. அவை காட்டும் வயதும் மதிப்பும் நெருக்கமும் வேறு. தமிழகப் பேச்சில் ‘ஆமா’ நிற்கும் இடத்தில் யாழ்ப்பாணப் பேச்சில் ‘ஓம்’ நிற்கும். இவ்விரண்டையும் ‘ஆம்’ எனத் திருத்தி எழுதினால் பேசியவரின் மண் மறைந்துவிடும்.

எழுத்தாக்கத்தில் நேரும் இழப்பு

தென்மாவட்டக் கோயில் கொடை ஒன்றைப் பற்றிய நேர்காணலில், பங்காளிகள் அனைவரும் வருவார்களா என ஆய்வாளர் வினவுவதாகக் கொள்வோம். விடை இவ்வாறு அமையலாம்: “அது வந்து... வருவாங்க. இல்ல, முன்னெல்லாம் வருவாங்க.” ‘அது வந்து’ என்னும் தயக்கமும் அதனை அடுத்த இடைவெளியும், நேரடி விடை எளிதன்று எனக் காட்டுகின்றன. ‘இல்ல’ தாம் கூறிய விடையைத் தாமே திருத்துகிறது. இவற்றை நீக்கி, “வருவாங்க. முன்னெல்லாம் வருவாங்க” எனப் பதிவு செய்தால் திருத்தம் மறைந்து, வழக்கம் இன்றும் தொடர்வதாகவே பொருள்படும். பங்காளிகளிடையே நேர்ந்திருக்கக்கூடிய பிளவைப் பற்றி அடுத்த வினாவை எழுப்பும் வாய்ப்பும் ஆய்வாளர்க்கு இல்லாமற்போகும்.

ஆகவே, எழுத்தாக்கத்தில் பின்வருவன பின்பற்றத்தக்கன:

1. குறிப்பான்களையும் இரட்டித்தலையும் பேசியவாறே எழுதுதல்.
2. இடைவெளி, நீட்டம், ஏற்ற இறக்கம் ஆகியவற்றிற்கு ஒரே வகைக் குறியீடுகளைப் பயன்படுத்துதல்.
3. ‘ம்’, ‘சரி’ என ஆய்வாளர் தாம் கூறியவற்றையும் பதிவு செய்தல். தகவலாளி பேச்சைத் தொடர்வதும் நிறுத்துவதும் பெரிதும் அவற்றைப் பொறுத்தவை.
4. வாசிப்பு எளிமைக்காகச் சுருக்க வடிவம் தரின், முழுவடிவத்தைப் பின்னிணைப்பில் சேர்த்தல்.

முடிவுரை

கருத்தாடல் குறிப்பான்கள் உரையாடலின் வரிசையையும், பேசுவோரின் தயக்கம், திருத்தம், உறவு ஆகியவற்றையும் வெளிப்படுத்துகின்றன. மரபிலக்கணம் அசைநிலை என வகுத்தவற்றுள்ளும் இப்பணி உணரப்பட்டிருந்தமையை உரைவழி அறியலாம். வாய்மொழித் தரவை அடிப்படையாகக் கொள்ளும் நாட்டார் வழக்காற்றியல், வட்டார வழக்கு ஆய்வுகளில் இச்சொற்களைக் காப்பது நடை பற்றிய விருப்பம் அன்று. தரவின் நம்பகத்தன்மை பற்றிய கடமையாகும்.