ரூட் வேறு, ஹோம் வேறு

பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸை நிறுவப் போகிறீர்களா? வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தேர்வை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். நான் ஒருமுறை அழுத்தினேன். இரண்டு ஆண்டுப் பாடக் குறிப்புகள் போயின.

வன்தட்டை நீங்களே இரண்டு பிரிவுகளாக்குங்கள். 'ரூட்' பிரிவில் இயங்குதளமும் மென்பொருள்களும் இருக்கும். 'ஹோம்' பிரிவில் உங்கள் கட்டுரைகள், படங்கள் முதலிய சொந்தக் கோப்புகள் இருக்கும். நாளை இயங்குதளம் பழுதானால் ரூட்டை மட்டும் அழித்துப் புதிதாக நிறுவலாம். அப்போது பழைய பிரிவையே ஹோமாகத் தேர்ந்தெடுங்கள். அதற்கு 'ஃபார்மட்' கட்டத்தில் குறியிடவே கூடாது. பயனர் பெயரும் பழையதாகவே இருக்கட்டும். ஆனால் வன்தட்டே கெட்டால் இரண்டு பிரிவுகளும் சேர்ந்துதான் போகும். பென்டிரைவில் தனியாக ஒரு நகல் வேண்டும்.

மென்பொருள்களை மறுபடி நிறுவ வேண்டுமே என்கிறீர்களா? அது எளிது. அவை பொதிகளாக இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. 'ஆப்ட்' என்னும் பொதி மேலாளரிடம் ஜிம்ப் வேண்டும் என்று கட்டளையிட்டால், அது இயங்கத் தேவையான துணைப் பொதிகளையும் தானே தேடி இறக்கும். களஞ்சியத்தின் மின்கையொப்பத்தையும் சரிபார்க்கும். நீங்கள் முன்பு செய்த அமைப்புகள் ஹோமில் மறைகோப்புகளாக இருப்பதால், ஜிம்ப் பெரும்பாலும் பழையபடியே திறக்கும்.

ரூட்டுக்கு இடம் ஒதுக்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 40 ஜிகாபைட்டாவது கொடுங்கள். இறக்கிய பொதிகளும் பழைய கெர்னல்களும் அங்கேதான் சேரும். ரூட் நிரம்பிவிட்டால் புதுப்பிப்பு பாதியில் நின்றுவிடும். அப்போது 'ஆப்ட் கிளீன்' கட்டளை, இறக்கி வைத்த பொதிக் கோப்புகளை நீக்கி இடம் தரும்.