தரவுத்தளத்துக்கும் ஒரு பாலாலயம்

"நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருக்கு, ஏன் தம்பி கை வைக்கிறே?" ஆலய இளைஞர் பகுதியின் உறுப்பினர் பதிவேடு என் பொறுப்புக்கு வந்த வாரம் மூத்த அண்ணன் ஒருவர் கேட்டது இது. நியாயமான கேள்விதான். பெயரைத் தேடினால் வந்தது. ஆனால் அதன் அடியில் இருந்த தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் 5.7. 2015 அக்டோபரில் வெளிவந்த அந்தப் பதிப்புக்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது.

ஆதரவு முடிந்தால் மென்பொருள் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நிற்காது. அதுதான் சிக்கலே. நின்றால் உடனே ஓடிப்போய்ப் பார்ப்போம் இல்லையா? இனி ஓட்டை ஒன்று தெரியவந்தால் அதை அடைக்கும் திருத்தம் வராது. புதிய பதிப்பின் திருத்தங்களைப் பார்த்தே பழையதில் எங்கே நுழையலாம் என்று ஊகிப்பவர்களும் உண்டு. எங்கள் பதிவேட்டில் இருந்ததோ தேவார வகுப்புப் பிள்ளைகளின் பெயர், ஐசி எண், வீட்டு முகவரி, அம்மாவின் கைப்பேசி எண். எல்லாம் நம்மை நம்பி எழுதிக் கொடுத்தவை.

8.0-க்கும் 2026 ஏப்ரலோடு முடிவு என்பதால், நீண்டகால ஆதரவுள்ள 8.4-ஐத் தேர்ந்தேன். இருக்கும் இடத்திலேயே மேம்படுத்துவதென்றால் 5.7-இலிருந்து நேரே 8.4-க்குத் தாவ முடியாது, 8.0 வழியாகத்தான் ஏற வேண்டும். ஏறிய பிறகு இறங்கவும் வழியில்லை. 8.0-க்கு மாறிய கோப்புகளை 5.7 ஏற்காது.

திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, பூசை தடைபடாமல் வேறிடத்தில் நடத்துவோமே, அது நினைவுக்கு வந்தது. நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். பதிவேட்டை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முழு நகலை என் பழைய மடிக்கணினியில் ஏற்றி, இடிக்கிற வேலையை அங்கே வைத்துக்கொண்டேன்.

நல்லவேளை! முதல் இரவே உடைந்தது. வகுப்புக் குழுக்களின் அட்டவணைக்கு யாரோ 'குரூப்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 8.0-இல் அது ஒதுக்கப்பட்ட சொல்; அதைத் தொட்ட கட்டளையெல்லாம் பிழை. பெயரை மாற்றினேன். மைஎஸ்கியூஎல் ஷெல்லில் உள்ள மேம்பாட்டுச் சோதனையை முதலிலேயே ஓட்டியிருந்தால் இதைச் சொல்லியிருக்கும். அவசரக்காரனுக்கு ஓர் இரவு தூக்கம் போச்சு.

அடுத்தது இன்னும் மோசம், பிழைச் செய்தியே வராத பிழை. 5.7-இல் 'குரூப் பை' என்று கேட்டால் வரிசைப்படுத்தியும் கொடுக்கும். 8.0 அப்படிச் செய்யாது. 'ஆர்டர் பை' என்று தனியே கேட்க வேண்டும். உபயக்காரர் பட்டியல் கலைந்து வந்தது. அதே தாளை வைத்துத்தான் திருவிழாவில் பெயர் கூப்பிடுவோம்! 8.4-இல் பழைய கடவுச்சொல் முறை அணைக்கப்பட்டிருப்பதால் செயலி உள்ளே நுழையவே மறுத்தது. கணக்கைப் புதிய முறைக்கு மாற்றியதும் சரியானது.

உண்மையான மாற்றத்தை ஒரு ஞாயிறு இரவு, வகுப்பு முடிந்தபின் செய்தோம். காப்புநகல் இரண்டு எடுத்து, ஒன்றை வேறு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகே தொட்டேன். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகல் என்றே சொல்ல மாட்டேன்.

உங்கள் கிளையில் பிஎச்பி மைஅட்மின் இருந்தால் முதல் பக்கத்திலேயே பதிப்பு எண் தெரியும். போஸ்ட்கிரெஸ் என்றால் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டுதான் ஆதரவு.

அண்ணன் இப்போது கேட்பது வேறு கேள்வி: "இது எப்போ முடியும் தம்பி?" 2032 ஏப்ரல். பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்போது இந்தப் பொறுப்பில் யார் இருப்பாரோ!