அழுத்தம் போகும் வழி

அன்புள்ள தம்பிக்கு,

பின்சக்கர பேரிங்கை மாற்றி ஒரு மாதம் ஆவதற்குள் மறுபடியும் இரைச்சல் வந்துவிட்டது, கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறாய். போலிச் சரக்கு சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் இப்படிக் கேட்பவர்கள் யாரும் பேரிங்கை எப்படி மாட்டினோம் என்று சொல்வதே இல்லை. நீயும் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

கழற்றுவதெல்லாம் உனக்குத் தெரிந்ததே. பிரஸ்ஸில் வைத்தபின் அழுத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார். டிரம்முக்குள்ளோ நக்கிளுக்குள்ளோ பேரிங்கை இறக்கும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் அத்தனை பாரமும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போயாக வேண்டும்; குண்டுகள் வளையத்தில் பள்ளம் பதித்துவிடும். நக்கிள் வகையில் இன்னொரு கட்டமும் உண்டு. பேரிங் உட்கார்ந்தபின் ஹப்பைத் தள்ளுவார்கள். அப்போது நக்கிளுக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டு மேலிருந்து அழுத்துவார்கள். பாரம் மறுபடியும் குண்டுகள்மேல்தான். முட்டு உள்வளையத்துக்கு நேர் கீழே, அதன் அளவுக்கேற்ற குழாய்த்துண்டாக இருந்திருக்க வேண்டும்.

கடினமான குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் பள்ளத்தை அளந்து உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் முறையை 1900-இல் வெளியிட்டவர் ஸ்வீடன் பொறியாளர் யோஹான் ஆகுஸ்ட் பிரினெல். பேரிங் வளையத்தில் குண்டுகள் பதிக்கும் பள்ளத்தையும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். எவ்வளவு பள்ளம் வரை பொறுக்கலாம் தெரியுமா? பேரிங் நிலையாகத் தாங்கும் பாரத்தைக் கணக்கிடும்போது, குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வரம்பு. 12 மி.மீ. குண்டுக்கு அது 0.0012 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவைத் தாண்டினால் காதுக்குத் தெரிந்துவிடும்.

இதைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. 1930-களில் அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகளில், சாலையில் ஓடுவதற்கு முன்பே குழிகள் இருந்தன. சக்கரம் சுழலாமல் அதிர்ந்துகொண்டே போனதில் குண்டுகள் ஒரே இடத்தில் உராய்ந்து, கிரீஸ் விலகி, வளையம் அரித்துப்போயிருந்தது. பார்வைக்கு அழுத்தப் பள்ளம் போலவே இருக்கும், காரணம் வேறு. ஒரு பேரிங் வண்டியில் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை.

சுத்தியலால் தட்டியே இறக்கிய மூத்த மெக்கானிக்குகளை நீ உதாரணம் காட்டக்கூடும். அவர்கள் கையாண்டது டேப்பர் ரோலர் பேரிங். கப் தனி, கோன் தனி. கப்பை மட்டும் தட்டினார்கள். அடி ரோலரைத் தொடவே இல்லை. இன்றைய பேரிங் பூட்டி வரும் பொருள். பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடாதே!

கழற்றிய பேரிங்கை எறியாமல் வெளிவளையத்தைக் கிரைண்டரில் வெட்டிப் பிளந்து, மண்ணெண்ணெயில் கழுவி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். குண்டுகளின் இடைவெளியிலேயே வரிசையாகப் பள்ளங்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் மாட்டியபோது விழுந்தது.

புதியதை இறக்குமுன் ஏபிஎஸ் உள்ள வண்டியா என்று பார்த்துக்கொள். பல பேரிங்குகளில் ஒரு பக்க சீலே காந்த வளையம். அது சென்சார் பக்கம் இருக்க வேண்டும். காந்தம் பொருத்திய கருவித்தட்டில் அந்தப் பேரிங்கை வைக்காதே. ஆக்சில் நட்டு புதிதாகப் போடு. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி முடிக்கும்வரை வண்டியைச் சக்கரத்தில் இறக்காதே, ஓரடிகூட நகர்த்தாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்